நிற்காமல் போகிற பறவையை எண்ணுவது எப்படி?

மாரி மழை ஓய்ந்து பங்குனி பிறந்தால், மட்டக்களப்பு வாவியின் ஓரங்களில் சேறு தலைகாட்டத் தொடங்கும். நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றரைக்கூடத் தொடுவதில்லை. சேற்றைத் திறப்பதும் மூடுவதும் பெரும்பாலும் மழையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதும்தான். சேற்றுப் புழுக்கள் மூக்குக்கு எட்டுகிற அந்த வாரங்களில், வலசை வந்த உள்ளான் என்ற கரைப்பறவைகள் தின்று கொழுத்து வடக்கே கிளம்பும். அவற்றை எண்ண வரும் தன்னார்வலர்களுக்கும் அதுவே காலம்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரியில் நடக்கிறது. அந்த மாதத்தில் பறவைகள் வந்த இடத்திலேயே தங்கியிருக்கும், ஒரு தடவை எண்ணினால் ஓரளவு போதும். சித்திரையில் அது எடுபடாது. காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்தில் நிற்பவர்களை எண்ணிவிட்டு, அன்று பயணம் போனவர்கள் இவ்வளவு பேர்தான் என்று சொல்ல முடியுமா? நேற்று நின்ற இருநூறும் இன்று நிற்கும் இருநூறும் வேறு வேறு பறவைகளாக இருக்கலாம்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே இடத்தில் பத்து நாள், தினமும் 200 பறவை என்றால் மொத்தம் 2000 'பறவை நாள்'. ஒரு பறவை சராசரியாக ஐந்து நாள் தங்குமென்றால், 2000ஐ ஐந்தால் வகுக்க, கடந்து போனவை 400. தங்கும் நாளை அறிவதுதான் பெரிய பாடு. காலில் வளையமோ நிறக்கொடியோ மாட்டிய பறவையை யாராவது மறுபடி மறுபடி கண்டால்தான் அது தெரியவரும்.

இந்தக் கணக்கு வீண்வேலை இல்லை. ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் 1 சதவீதத்தை வழமையாகத் தாங்குவது, ராம்சார் ஈரநிலத்துக்கான, அதாவது உலக அளவில் முக்கியமென்று பட்டியலிடப்படும் ஈரநிலத்துக்கான, அளவுகோல்களில் ஒன்று. பொத்துவிலுக்குத் தெற்கே குமண 2010இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஒரு நாள் எண்ணிக்கையை மட்டும் நம்பினால், பறவைகள் வந்து வந்து போகும் இடத்தின் மதிப்பு குறைந்தே தெரியும்.

கரையில் நடப்பது இதைவிட எளிமை. காலையில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்று மேற்கே பார்ப்பார்கள், வெயில் முதுகில் விழும். பின்னேரம் அதே வேலை மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து, கிழக்கே பார்த்து. வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லா உள்ளானும் கறுப்பு! கூட்டம் பெரிதென்றால் ஓர் ஓரத்தில் ஐம்பதை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, மிச்சத்தை அதே அளவால் அளந்து போவார்கள். கூட்டம் பெருக்கப் பெருக்க மனிதக் கண் குறைத்தே மதிப்பிடும். அதனால் இருவர் தனித்தனியாக எண்ணி, முடிந்த பிறகே எண்ணைச் சொல்லிக்கொள்வது நல்லது. நடுவில் பைரி என்ற வேட்டைப் பறவை பாய்ந்து கூட்டம் கிளம்பிவிட்டால், எந்தப் பக்கம் போனது என்று குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த திடலில் நிற்பவர் அதையே திரும்ப எண்ணுவார்.

நிறத்தையும் எழுத வேண்டும். ஜனவரியில் சாம்பலாக நின்ற வளைமூக்கு உள்ளானின் நெஞ்சில் சித்திரையில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறும். அது சைபீரிய ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்யப்போகிற பறவை. நிறம் மாறாமல் மே மாதத்திலும் இங்கேயே மேய்பவை பெரும்பாலும் முதல் வயது இளம் பறவைகள். அந்த ஆண்டு அவற்றில் பல வடக்கே போவதில்லை. போகிறவற்றோடு அவற்றையும் சேர்த்தால் 'தங்கும் நாள்' கணக்கு குழம்பிவிடும் என்பதால், தனியாகக் குறித்துவைப்பதே முறை.