ஷாக்: அதிர்ச்சி அல்ல, குருதியோட்டச் சரிவு

ராமேஸ்வரத்திலோ தொண்டியிலோ படகிலிருந்து இறக்கிய ஆளை அவசரப் பிரிவில் படுக்கவைத்து, "ஷாக்குல இருக்காரு" என்று மருத்துவர் சொன்னால், கூட வந்தவர்களுக்கு இரண்டே பொருள்தான் தோன்றும். கரண்ட் அடித்தது, அல்லது பயந்துபோனது. "அவரு பயப்படுற ஆளே இல்லையே சார்" என்பார்கள். மருத்துவர் சொன்னது இரண்டையும் அல்ல. உறுப்புகளுக்கு வேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேரவில்லை என்பதே அதன் பொருள்.

'ஷாக்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே மோதல், இடி என்று பொருள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் லெ ட்ரான் 1737இல் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி எழுதிய நூல் 1743இல் ஆங்கிலத்துக்குப் போனபோது இச்சொல் மருத்துவத்துக்குள் வந்தது என்பர். ரத்த ஓட்டம் சார்ந்த பொருள் பின்னாளில் சேர்ந்தது. தமிழிலோ பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு 'அதிர்ச்சி' என்று பெயர்த்துவிட்டோம். அதிர்தல் என்றால் நடுங்குதல், முழங்குதல். கெட்ட செய்தி கேட்டால் வருவது அதிர்ச்சி. இந்த நோய்நிலைக்கு அது பொருந்தவே இல்லை. குருதியோட்டச் சரிவு என்பதே சரி. வீட்டாரிடம் "ரத்த ஓட்டம் சரிஞ்சிருச்சு" என்றால் போதும், புரிந்துவிடும்.

சரிவு நான்கு வழியில் வரும். தொட்டியில் தண்ணீர் வற்றலாம்: ரத்தப்போக்கு, வயிற்றுப்போக்கு, டெங்கு. மோட்டார் பழுதாகலாம்: மாரடைப்பு. குழாய் விரிந்துபோகலாம்: கடும் ஒவ்வாமை, ரத்தத்தில் கிருமித்தொற்று. குழாய் அடைபடலாம்: நுரையீரலைச் சுற்றிக் காற்று இறுகுவது போல.

பிரஷரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 70 கிலோ ஆளுக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒன்றரை லிட்டர் போகும்வரைகூட மேல் அளவு 110 என்று காட்டலாம். அதற்கு முன்பே நாடி 120ஐத் தொடும், கை சில்லிட்டு வியர்க்கும். விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 3 விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். வலையும் கயிறும் இழுத்து நகம் கறுத்துத் தடித்தவர்களிடம் இந்த நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்கு நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள்.

திருக்கை முள் தொடையில் ஏறி நின்றால் பிடுங்கக் கூடாது. அதுவே கிழிந்த தமனியை அடைத்துக்கொண்டிருக்கலாம். முள்ளை அசையாமல் கட்டி, சுற்றிலும் அழுத்திப் பிடித்து, அறுவை அரங்குக்குக் கொண்டுபோங்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், 10 நிமிடத்தில் நரம்பு வழியே; காயம்பட்டு 3 மணி நேரத்துக்குள். "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க" என்று வீட்டார் கெஞ்சுவார்கள். குளுக்கோஸ் நீர் ரத்தக்குழாயில் தங்காது. போன ரத்தத்துக்கு ரத்தம்தான் வேண்டும். அது வரும்வரை சலைனை அளவாகக் கொடுக்கலாம். அதிகமானால் ரத்தம் உறைவது கெடும்.

இறாலோ நண்டோ தின்று உடம்பு தடித்து மூச்சு திணறினால் முதல் மருந்து அட்ரினலின். 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் அரை மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். ஏவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஸ்டீராய்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் இதில் உயிர் போகும் தவறு. அவை விரிந்த குழாயை இறுக்குவதில்லை. பிரஷர் இறங்கியவரைச் சட்டென்று எழுப்பி உட்காரவைப்பதும் அதே அளவு ஆபத்து.

மாரடைப்பில் வந்த சரிவுக்குச் சலைனை வேகமாக ஏற்றினால் பெரும்பாலும் நுரையீரலில் நீர் கோத்துவிடும். கிருமித்தொற்றிலோ நேர்மாறு: முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி வரை தேவைப்படும், ஆன்டிபயாட்டிக் 1 மணி நேரத்துக்குள்.

ஆகவே ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஆளை அனுப்பும்போது, சீட்டில் 'ஷாக்' என்று மட்டும் எழுதாதீர்கள். நான்கில் எந்த வகை, நாடி, பிரஷர், இதுவரை ஏற்றிய திரவம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், ஊசி போட்ட மணி ஆகியவற்றையும் எழுதுங்கள்.