பிள்ளையின் கைக்கட்டை அவிழ்க்காதீர்கள்

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் எனக்கு, ஒரே மாதத்தில் இது மூன்றாவது அனுபவம். இந்த முறை கட்டை அவிழ்த்தவர் பாட்டி. ஆடிச் சாரலில் பிடித்த சளி நிமோனியாவாக முற்றி, மலையோரக் கிராமம் ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்ட இரண்டரை வயதுப் பேரனுக்குத் துணையாக, மகள் சாப்பிடப் போன நேரத்தில் உள்ளே வந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்கு மருந்து ஏற்றிவிட்டு நான் திரும்புவதற்குள், பஞ்சு வைத்துச் சுற்றிய துணிக்கட்டு கட்டில் கம்பியில் தனியே தொங்கியது. உதட்டோரப் பிளாஸ்திரி பிள்ளையின் விரல்களில் ஒட்டியிருக்க, மூச்சுக்காக வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் போட்டிருந்த குழாய் தலையணை மேல் கிடந்தது. "பச்சப் பிள்ளைக்க கையக் கெட்டிப் போட்டிருக்கியளே சிஸ்டரே, பாவமில்லியா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பையும் முகமூடியும் கொண்டு காற்றை அழுத்தத் தொடங்கிவிட்டோம். மருத்துவர் மறுபடியும் குழாய் போட்டு முடிப்பதற்குள் இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கி மீண்டது.

அந்தக் கைக்கட்டு தண்டனை அல்ல. அரை மயக்கத்தில் இருக்கும் பிள்ளை, வாயில் உறுத்தும் எதையும் இழுக்கத்தான் செய்யும். ஒரு வயதுகூட நிறையாத குழந்தையின் மூச்சுக்குழலே ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. நீளம்தான் என்பதால், தாடை மேலே தூக்கினால் குழாய் வெளியே நழுவப் பார்க்கும். தாடை நெஞ்சோடு படிந்தால் ஒரு பக்க நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழாயில் குறித்திருக்கும் எண்களில் எது உதட்டருகே நிற்கிறது என்று நாங்கள் அடிக்கடி குனிந்து பார்ப்பது இதனால்தான். "தலையைச் சும்மா கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன்" என்று யாராவது சொன்னால் என் வயிறு கலங்கும்.

பெற்றோரை அதைவிட உலுக்குவது சத்தமில்லாத அழுகை. வாய் கோணுகிறது, கண்ணீர் வழிகிறது, ஆனால் ஒலி வரவில்லை. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே செல்வதால் அங்கே காற்று அதிர்ந்து ஒலி எழ வழியில்லை, அவ்வளவுதான். நரம்பை யாரும் வெட்டவில்லை. குழாயை எடுத்த பிறகு பெரும்பாலும் ஓரிரு நாள் கரகரப்பு இருக்கும், பிறகு பழைய குரல் வரும்.

இந்த இரக்கத்துக்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. "குழாய் போட்டாச்சா, அப்போ முடிஞ்சது" என்பதே அது. செத்த உடலை இயந்திரத்தில் வைத்துப் பணம் பறிக்கிறார்கள் என்று திரைப்படம் பார்த்தவர்களும், ஊரில் ஒரு முதியவருக்கு நேர்ந்ததைக் கண்டவர்களும் உறுதியாகச் சொல்கிறார்கள். இதை எத்தனை முறை விளக்கினாலும் நான் மீண்டும் விளக்குவேன். வெண்டிலேட்டர் காற்றைத் தள்ளும். இதயத்தை அடிக்க வைக்காது. இதயம் நின்றுவிட்டால், காற்றுத் தள்ளப்படுவதால் நெஞ்சு ஏறி இறங்கலாம், ஆனால் உடல் நாள்கணக்கில் சூடாக இருக்காது, சிறுநீர்ப் பை நிறையாது, நாடி கைக்குத் தட்டுப்படாது. சந்தேகப்பட்ட ஒரு தகப்பனாரிடம் பிள்ளையின் கணுக்காலைத் தொடச் சொல்லி, நிறைந்திருந்த சிறுநீர்ப் பையையும் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் காலை விடவே இல்லை. மூளைச்சாவு வேறு விஷயம். அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு. நிமோனியாவில் மூச்சுவிட்டு மூச்சுவிட்டே தளர்ந்துபோன பிள்ளைக்கு இந்தக் குழாய் சில நாள் ஓய்வு தருகிறது. முதியவர் இறந்தது அவருடைய நோயினால். கடைசியில் கண்ணில் பட்டது குழாய், அதனால் பழியும் அதன்மேல் விழுந்தது.

இந்த நம்பிக்கையினால் குழாய் போடச் சம்மதம் கேட்டு நிற்கும்போதும் நேரம் போகிறது. குமரிக் கடலோரத்தில், தூத்தூர்ப் பக்கத்தில் தகப்பனார் ஆழ்கடலுக்குப் போயிருப்பார், குளச்சலில் ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாய் அழுவாள். அம்மா, உங்கள் கையொப்பமே போதும். அவரைத் தொலைபேசியில் பிறகு கூப்பிட்டு, பிள்ளையின் காதருகே பேசச் சொல்லுங்கள். மருந்தின் மயக்கத்திலும் பழகிய குரல் காதில் விழக்கூடும். அந்தக் குரலுக்கு நாடித் துடிப்பு நிதானப்படுவதை நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

படுக்கையருகே வருபவர்கள் முதலில் கையைக் கழுவுங்கள், வெளியே போய் வந்தால் மறுபடியும் கழுவுங்கள். உதடு காய்ந்திருக்கிறதே என்று தீர்த்தமோ, தேனோ, கருப்பட்டித் தண்ணீரோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். எங்களிடம் கேட்டால் ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டித் தருவோம். கோயிலிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் கொண்டுவந்த எண்ணெயை, எங்களிடம் கேட்டுவிட்டு, பிளாஸ்திரிக்குத் தூரமாகப் பாதத்தில் பூசிக்கொள்ளுங்கள். முகத்தில் எண்ணெய் பட்டால் பிளாஸ்திரி பிடிக்காது. தலைப்பக்கம் சற்று உயர்த்தி வைத்த கட்டிலை இறக்காதீர்கள். சளி உறிஞ்சும்போது முகம் சிவக்கும், இருமல் வரும். பார்க்க முடியவில்லை என்றால் வெளியே நில்லுங்கள், எங்கள் கையைப் பிடிக்காதீர்கள். அலாரம் அடித்தால் திரையைப் பார்த்து அலற வேண்டாம், பாதி நேரம் விரலில் மாட்டிய கருவி நழுவியிருக்கும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து எங்களைக் கூப்பிடுங்கள். கையைப் பிடித்துக்கொண்டே இருக்க ஆசை என்றால் தாராளமாகப் பிடித்திருங்கள், உங்கள் கண்காணிப்பில் கட்டை நாங்களே தளர்த்திவிடுகிறோம். ஆனால் அவிழ்ப்பது எங்கள் கையாக இருக்கட்டும்.

அந்தப் பேரனுக்கு ஆறாம் நாள் குழாயை எடுத்தோம். தவளை கத்துவது போன்ற குரலில் அவன் முதலில் கூப்பிட்டது பாட்டியைத்தான். அவர் அதற்குள் பிளாஸ்க்கில் ஹார்லிக்ஸ் கலந்து கொண்டுவந்திருந்தார். விழுங்குவது சரியாக வரும்வரை சில மணி நேரம் எதுவும் தரக் கூடாது, தொண்டை வழி மாறிப் போய்விடும் என்று சொல்லி, பிளாஸ்க்கை வாங்கி எங்கள் மேசை மேல் வைத்தேன். மாலை வரை அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப் போடாத அந்தச் சின்னக் கை அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது.