கலப்பினம் அல்ல, ஒட்டு

பெருங்குடல் புண் அழற்சியால் பல வருடங்களாக அவதிப்படும் உறவுக்காரப் பெண் ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “வேற யாரோட செல்லையோ நம்ம செல்லோட கலக்குறாங்களா அண்ணா?” அவள் நோய்க்கு முயன்று பார்க்கும் ஒரு செல் சிகிச்சையைப் பற்றி அவள் படித்த கட்டுரையில் ‘கலப்பின ஆன்டிஜென் ஏற்பி’ என்று இருந்தது. இந்தக் ‘கலப்பின’த்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

மூலச்சொல் கைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டர், சுருக்கமாக கார். ஆன்டிஜென் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அடையாளம் காணும் பொருள், ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும் புரதம். கைமெரா என்பது கிரேக்கக் கதை விலங்கு: முன்னால் சிங்கம், நடுவில் ஆடு, பின்னால் பாம்பு. இந்த ஏற்பியும் அப்படித்தான். செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதி நோய் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியிலிருந்து வந்தது, இலக்கைக் கண்டுபிடிக்கும். உள்ளே இருக்கும் பகுதி, நோயை எதிர்க்கும் வெள்ளையணுவான டி செல்லை அந்த இலக்கின்மேல் பாயத் தூண்டும்.

கலப்பின மாட்டைப் பாருங்கள். இது தாயின் பங்கு, இது தந்தையின் பங்கு என்று அதன் உடம்பில் கோடு கிழிக்க முடியாது. ஏற்பியில் கிழிக்கலாம். இங்கே இனம் எதுவும் கலக்கவும் இல்லை. வழக்கமான முறையில் நோயாளியின் டி செல்லையே எடுத்து, ஏற்பிக்கான மரபணுவைச் சேர்த்து, பெருக்கி, அவருக்கே திருப்பி ஏற்றுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை. பயப்படுவது நோயாளி.

நம்மிடம் ‘ஒட்டு’ இருக்கிறது. ஒட்டு மாங்கன்றில் அடிமரம் ஒன்று, மேல்கிளை ஒன்று. இரண்டும் தன் குணம் மாறாமல் சேர்ந்து வேலை செய்யும். சொல்லப்போனால், உயிரியலுக்குள் கைமெரா வந்த வழியே ஒட்டுதான். 1907ல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டினார். ஒட்டிய இடத்தில் ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவுமாக முளைத்த தளிருக்குத்தான் அந்தப் பெயரை வைத்தார்.

‘யாளி ஏற்பி’ என்றும் சொல்லிப் பார்த்தேன். அழகுதான், ஆனால் செய்முறை புரியாது. ஆன்டிஜென் பழகிய சொல், இருக்கட்டும். சிகிச்சையை ‘ஒட்டேற்பி டி செல் சிகிச்சை’ எனலாம். 2017ல் அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற இச்சிகிச்சையை, மருந்துக்கு அடங்காத குடல் அழற்சிக்கும் இப்போது முயன்று பார்க்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. அதே கட்டுரை குடல் அழற்சி நோயை ‘எரிச்சல் குடல்’ என்கிறது. எரிச்சல் குடல் வேறு நோய், அதில் குடல் புண்ணாவதில்லை. அழற்சி ‘அழல்’ என்ற நெருப்பிலிருந்து வந்த சொல். இன்ஃப்ளமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் நெருப்புதான். இவ்வளவு பொருத்தமான சொல்லை ஏன் விட வேண்டும்?