வெள்ளைத் திரையைப் பார்த்ததும் ‘ரீஸ்டோர்’ பட்டனைத் தேடாதீர்கள்

அப்டேட்டில் விழுந்த இணையதளத்தை முழு பேக்கப் போட்டு மீட்கப் போய்ச் சிக்கிக்கொண்டதில், இந்த வருஷத்தில் இது நான்காவது கேஸ். முதல் மூன்று பேரிடமும் பொறுமையாக விளக்கினேன். நான்காவது ஆளிடமும் என் குரல் உயரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் பக்கம் ஒரு சேலைக் கடை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளம், அதில் கடை நடத்த வூகாமர்ஸ், பணம் வருவது எஃப்பிஎக்ஸ் என்ற இணைய பேங்க் சேவை வழியாக. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கடைக்கார அக்காவின் மகன் தளத்துக்குள் போயிருக்கிறான். 17 அப்டேட் காத்திருப்பதாக டாஷ்போர்டில் எண் தெரிந்தது, பையனுக்கு அது கண்ணை உறுத்தியது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டு ஒரே அழுத்து. பாதியில் தளம் விழுந்தது. முகப்பிலும் பிழைச் செய்தி, உள்ளே நுழையும் பக்கத்திலும் அதே செய்தி.

அவன் என்னைக் கூப்பிடவில்லை. ராத்திரி நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தானாம். தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனான். பேக்கப் பட்டியலில் கடைசியாக இருந்தது மூன்று நாள் முந்தியது. முழுவதையும் ரீஸ்டோர் செய்தான், அதாவது அந்தப் பழைய நகலை அப்படியே திரும்ப வைத்தான். இருபது நிமிடத்தில் தளம் பளிச்சென்று வந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கப் போனான்.

மறுநாள் காலையில் கடை போன் அலற ஆரம்பித்தது. “பணம் கட்டிட்டேன், என் ஆர்டரைக் காணோமே?” மூன்று நாளில் வந்த 43 ஆர்டர்கள் தளத்தில் இல்லை. பணம் மட்டும் பேங்கில் பத்திரமாக இருந்தது.

கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். அதைச் சரிசெய்யக் கணக்கு நோட்டில் மூன்று நாள் பக்கங்களைக் கிழித்துப் போடுவீர்களா? அந்தப் பையன் செய்தது அதுதான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. “பேக்கப் இருக்கு, பயமில்லை” என்று சொல்லிக்கொடுத்தவர்கள், பேக்கப் என்பது எந்தப் பெட்டிக்குள் எதை வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் தளம் என்பது இரண்டு தனித்தனிப் பொருள். ஒன்று கோப்புகள்: வேர்ட்பிரஸ், தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்கள், நீங்கள் ஏற்றிய படங்கள். இன்னொன்று டேட்டாபேஸ்: எழுதிய கட்டுரைகள், ஆர்டர்கள், வாடிக்கையாளர் முகவரிகள், கையிருப்பு எண்ணிக்கை, செட்டிங்குகள். பிளகின் அப்டேட் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபோல்டரைத் தூக்கிவிட்டு அதே பெயரில் புதியதை வைப்பது. அது கெட்டால் கெடுவது அந்த ஃபோல்டர். வேர்ட்பிரஸை ஓட்டும் நிரல் மொழியான பிஎச்பி ஓடிக்கொண்டே வந்து தனக்குப் புரியாத ஒரு வரியில் முட்டி நின்றுவிடுகிறது, அதனால் திரை வெள்ளையாகவோ ஒரு பிழைச் செய்தியோடோ தெரிகிறது. அந்த நேரத்திலும் உங்கள் ஆர்டர்கள் டேட்டாபேஸில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. காட்டுகிற ஆள் மயங்கி விழுந்திருக்கிறார், அவ்வளவுதான். முழு ரீஸ்டோர் என்பது ஃபோல்டரோடு சேர்த்து டேட்டாபேஸையும் பழைய நாளுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. வலைப்பதிவு மட்டும் வைத்திருப்பவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. கடை நடத்துகிறவருக்கு அது விஷம்.

ஆர்டர் போனது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கையிருப்பும் மூன்று நாள் முந்தைய எண்ணிக்கைக்குப் போய்விட்டது. ஏற்கெனவே விற்றுப்போன காஞ்சிபுரம் பட்டு ஒன்று, கடையில் அந்த நிறத்தில் ஒரே ஒரு சேலைதான், இரவோடு இரவாக இரண்டாவது முறை விற்றது. இன்னொரு கூத்து: ஆர்டர் எண்களும் பின்னால் போனதால், அன்றிரவு வந்த புதிய ஆர்டர்களுக்குத் தொலைந்துபோன ஆர்டர்களின் எண்களே மறுபடி விழுந்தன. ஒரே எண்ணை வைத்துக்கொண்டு ஈப்போவிலிருந்து ஒருவர், பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

சரி, அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் கையைக் கட்டிக்கொண்டு திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வரும் வாட்ஸ்அப்பில் பாதி “சைட் செத்துப்போச்சு அண்ணே” என்று மட்டும் இருக்கும். எப்படிச் செத்தது என்று சொன்னால்தானே வைத்தியம் பார்க்க முடியும்.

பராமரிப்பு நடக்கிறது, ஒரு நிமிடம் கழித்து வாருங்கள் என்கிற ஒற்றை வரி தெரிந்தால், அது பிழையே இல்லை. அப்டேட் தொடங்கும்போது வேர்ட்பிரஸ் தன் முதன்மை ஃபோல்டரில் ஒரு சின்னக் கோப்பை வைக்கும். பெயர் மெயின்டனன்ஸ், முன்னால் ஒரு புள்ளி. வேலை முடிந்ததும் அதுவே எடுத்துவிடும். பாதியில் நின்றுபோனால் கோப்பு அங்கேயே கிடக்கும். அதை அழித்தால் தளம் திரும்பும். அழிக்காவிட்டாலும் பத்து நிமிடம் தாண்டிய கோப்பை வேர்ட்பிரஸே மதிக்காது. (புள்ளியில் தொடங்கும் கோப்புகளை ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் மறைத்துவைக்கும். ‘கோப்பே இல்லை’ என்று சத்தியம் செய்கிறவர்கள் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை முதலில் போடுங்கள்.) ஆனால் அப்போது அப்டேட் ஆகிக்கொண்டிருந்த பிளகின் அரைகுறையாக இறங்கியிருக்கலாம், அதை மறுபடி முழுதாகப் போட வேண்டும்.

கடுமையான பிழை, நிர்வாகி மின்னஞ்சலைப் பாருங்கள் என்று சொன்னால், தயவுசெய்து மின்னஞ்சலைப் பாருங்கள். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இதைச் செய்கிறது. எந்த பிளகின் விழுத்தியது, எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதி, உள்ளே நுழைய ஒரு சிறப்பு இணைப்பும் அனுப்பும். அந்த இணைப்பு ஒரு நாளைக்குத்தான் செல்லும். அதன் வழியே நுழைந்தால் உங்களுக்கு மட்டும் அந்த பிளகின் நிறுத்தப்பட்ட நிலையில் தளம் திறக்கும். உங்களுக்கு மட்டும் என்பதைக் கவனியுங்கள். “எனக்கு ஓடுதே” என்று அப்படியே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதை முறைப்படி டீஆக்டிவேட் செய்யும்வரை வாடிக்கையாளருக்கு இன்னும் வெள்ளைத் திரைதான்.

சேலைக் கடைக்கும் அந்த மின்னஞ்சல் போயிருக்கிறது. யாருக்கு? நான்கு வருஷத்துக்கு முன் தளத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஆளுடைய முகவரிக்கு. இதற்கு என்ன சொல்வது. வீட்டுச் சாவியைப் பழைய குடித்தனக்காரரிடமே விட்டுவைத்த மாதிரி.

மின்னஞ்சல் கிடைக்கவில்லையா, இன்னும் ஒரு வழி இருக்கிறது, அது எளிதும்கூட. ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலின் ஃபைல் மேனேஜரிலோ, கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபியிலோ டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டருக்குள் போங்கள், அதற்குள் பிளகின்ஸ். சந்தேகப்படும் பிளகினின் ஃபோல்டர் பெயரின் பின்னால் ‘பழசு’ என்பதைப் போல எதையாவது ஒட்டிப் பெயரை மாற்றுங்கள். வேர்ட்பிரஸ் அதைத் தேடிக் காணாமல் நிறுத்திவிடும். எது என்றே தெரியவில்லை என்றால் பிளகின்ஸ் ஃபோல்டரின் பெயரையே மாற்றி உள்ளே நுழையுங்கள், பிளகின் பட்டியல் பக்கத்தை ஒருமுறை திறங்கள், எல்லாம் டீஆக்டிவேட் ஆகிவிடும். பெயரைப் பழையபடி ஆக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விழுத்துகிறவன் தானே மாட்டுவான். அப்புறம் வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்கில் அந்த பிளகினின் பக்கத்துக்குப் போனால், ‘அட்வான்ஸ்டு வியூ’ என்பதில் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும். நேற்றுவரை ஓடிய பதிப்பை எடுத்துப் போடுங்கள். தொழில் தெரிந்தவனுக்குப் பத்து நிமிட வேலை, தெரியாதவருக்கு ஒரு மணி நேரம். ஓர் ஆர்டரும் போகாது.

இங்கே ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பெயரை மாற்றுங்கள், டீஆக்டிவேட் செய்யுங்கள், ஆனால் டாஷ்போர்டில் இருக்கிற ‘டிலீட்’டைத் தொடாதீர்கள். “அழிச்சிட்டுப் புதுசா போட்டா சரியாயிடும்” என்பது போனில் அப்ளிகேஷன் போட்டுப் பழகிய புத்தி. டாஷ்போர்டில் டிலீட் கொடுத்தால், போகும்போது தன் அட்டவணைகளையும் செட்டிங்குகளையும் டேட்டாபேஸிலிருந்து துடைத்துக்கொண்டு போகும்படி எழுதப்பட்ட பிளகின்கள் நிறைய உண்டு. ஒரு டியூஷன் சென்டரின் இரண்டு வருஷத்து விண்ணப்பப் படிவங்கள் இப்படித்தான் காற்றில் போயின. ஃபோல்டரை வெறுமனே பெயர் மாற்றும்போது அந்தத் துடைக்கும் வேலை ஓடாது.

பழைய பதிப்புக்குத் திரும்புவதிலும் ஒரு முள் இருக்கிறது. வூகாமர்ஸ் போன்ற பெரிய பிளகின்கள் புதிய பதிப்பு வந்ததும் டேட்டாபேஸையும் மாற்றியமைக்கும். சில பிளகின்கள் கேட்டுவிட்டுச் செய்யும், சில கேட்காமலே செய்துவிடும். மாற்றியமைத்த பிறகு பழைய கோப்புகளைப் போட்டால் பழைய ஆள் புதிய நோட்டைப் படிக்கத் திணறுவான். அந்த நிலையில் நீங்களே நோண்டாதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

“வேர்ட்பிரஸே பழைய பதிப்புக்குத் திருப்பிவிடுமாமே?” என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு: பாதி உண்மை. 2023-இல் வந்த 6.3-இலிருந்து, நீங்கள் கையால் அப்டேட் அழுத்தி, கோப்புகளை வைப்பதே தோற்றுப்போனால் பழையதை மீட்டு வைக்கும். 2024-இன் 6.6-இலிருந்து, தானாக ஓடும் அப்டேட் தளத்தை விழுத்தினால் அதையும் திருப்பும். நீங்களே அழுத்தி, கோப்புகள் ஒழுங்காக இறங்கி, அதற்கப்புறம் தளம் விழுந்தால் இரண்டுமே உதவாது. சேலைக் கடையில் நடந்தது இந்த மூன்றாவது வகை. கையால் அழுத்துவதுதான் பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

வேறு வழியே இல்லை, பேக்கப்பைத்தான் போட வேண்டும் என்றால், முதலில் விழுந்துகிடக்கிற தளத்தையே இருக்கிறபடி ஒரு பேக்கப் எடுங்கள். செத்த தளத்துக்கு எதற்குப் பேக்கப் என்று கேட்காதீர்கள், இன்றைய ஆர்டர்கள் அதில்தான் இருக்கின்றன. பிறகு கோப்புகளை மட்டும் ரீஸ்டோர் செய்யுங்கள், அதிலும் முடிந்தால் அந்த ஒரு பிளகின் ஃபோல்டரை மட்டும். பெரும்பாலான ஹோஸ்டிங்குகளில் கோப்பு, டேட்டாபேஸ் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வசதி உண்டு. பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கிற பட்டன் அதுவல்ல.

இனிமேல் செய்ய வேண்டியவை. ஒரே நேரத்தில் 17 அப்டேட் அழுத்தாதீர்கள், ஒன்றை முடித்துத் தளத்தைத் திறந்து பார்த்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டுப் பார்த்து, அப்புறம் அடுத்தது. இரவு பதினொரு மணிக்கு வேண்டாம், பண்டிகைக் காலத்தில் வேண்டவே வேண்டாம், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைத் தவிர. தினமும் பேக்கப், கடைக்காரர் என்றால் மணிக்கொரு முறை டேட்டாபேஸ், அதுவும் அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில். பிஎச்பி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 7.4-க்கு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது, இன்னும் அதில் குடித்தனம் நடத்துகிற தளங்களை வாரம் ஒன்று பார்க்கிறேன். பத்து வெள்ளிக்குக் கிடைக்கிற திருட்டு பிளகினைப் பற்றி நான் பேசவே போவதில்லை. அதைப் போட்டவர்கள் என்னைக் கூப்பிடும்போது முதலில் அதைச் சொல்லிவிடுங்கள், நேரம் மிச்சம்.

“இதனாலதான் நான் அப்டேட்டே பண்றதில்ல” என்று சொல்கிறவர்களுக்கு இன்னொரு நாள் தனியாக எழுதுகிறேன். அதற்கு எனக்கு வேறு மனநிலை வேண்டும்.

43 ஆர்டர்களுக்கு என்ன ஆயிற்று? கடையின் இன்பாக்ஸில் ஒவ்வொரு ஆர்டருக்கும் அறிவிப்பு மின்னஞ்சல் வந்திருந்தது, பொருளும் முகவரியும் அதில் இருந்தன. பணம் வாங்கித்தரும் சேவையின் பட்டியலில் தொகையும் நேரமும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றரை நாள் உட்கார்ந்து 41 ஆர்டர்களைக் கையால் திரும்ப ஏற்றினோம். இன்பாக்ஸ் நிரம்பி வழிந்த நேரத்தில் வந்த இரண்டுக்கு மின்னஞ்சலே இல்லை. அந்த இருவரும் தாங்களே போன் செய்து திட்டியதால் கிடைத்தார்கள். இரண்டு முறை விற்ற பட்டுச் சேலை முதலில் வாங்கியவருக்கே போனது. இரண்டாமவருக்கு அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பெட்டி முறுக்கும் அனுப்பினார்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்: “அக்கா, அந்த நிர்வாகி மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாத்திடுங்க.” “உடனே மாத்திடுறேன் தம்பி” என்றார். இன்று காலை உள்ளே போய்ப் பார்த்தேன். புதிய முகவரியைப் போட்டிருக்கிறார். உறுதிசெய்யச் சொல்லி வேர்ட்பிரஸ் அந்த முகவரிக்கு அனுப்பிய இணைப்பை இன்னும் அழுத்தவில்லை. அதை அழுத்தும்வரை பழைய முகவரியேதான் நடப்பில் இருக்கும். பதினோரு நாளாக அது அப்படியே நிற்கிறது.