அந்தோசயனின்: பூவில் பிறந்து தட்டுக்கு வந்த சொல்

கருப்புக் கவுனி அரிசி பாக்கெட்டின் பின்பக்கத்தில், நாவல்பழம் பற்றிய உடல்நலக் குறிப்பில், சங்குப்பூ தேநீர் விளம்பரத்தில் என்று இப்போது எங்கு பார்த்தாலும் 'அந்தோசயனின்' என்ற செடி நிறமியின் பெயர் வருகிறது. 'சயன்' என்ற ஒலியைக் கேட்டதும் சயனைடு நினைவுக்கு வந்து தயங்குகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை. இரண்டுக்கும் உள்ள உறவு பெயரளவில் மட்டுமே.

கிரேக்கத்தில் 'அந்தோஸ்' என்றால் பூ, 'கியானோஸ்' என்றால் கருநீலம். 1835இல் ஜெர்மானிய மருந்தியலாளர் லுட்விக் கிளாமர் மார்க்வார்ட், பூக்களின் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில், நீலப் பூக்களில் உள்ள சாயப்பொருளுக்கு இந்த இரண்டையும் சேர்த்து 'அந்தோசயன்' என்று பெயர் வைத்தார். சயனைடுக்குக் கருநீலப் பெயர் வந்தது வேறு வழியில்: பிரஷ்ய நீலம் என்ற சாயத்திலிருந்துதான் சயனைடு அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தார்கள். அந்தோசயனினில் சயனைடு இல்லை.

பெயர் நீலத்தைச் சொன்னாலும் பொருள் நீலத்தோடு நிற்கவில்லை. ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர் 1913 வாக்கில் ஐரோப்பிய வயல்களில் பூக்கும் நீலக் கார்ன்ஃபிளவரிலிருந்து இந்த நிறமியைப் பிரித்தார். பிறகு பார்த்தால் சிவப்பு ரோஜாவிலும் அதே நிறமி இருக்கிறது! செடிகளின் நிறமிகளை, குறிப்பாகப் பச்சையத்தை, ஆராய்ந்ததற்காக 1915இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரே பொருள் இரண்டு நிறம் காட்டுவதை நம் அடுப்படியிலேயே பார்க்கலாம். கவுனி அரிசி ஊறிய தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலம் தட்டும். அமிலத்தன்மையும் காரத்தன்மையும் மாற மாற மூலக்கூறின் அமைப்பும் மாறுகிறது. கார்ன்ஃபிளவரில் உலோக அயனிகளும் சேர்ந்துகொண்டு நீலத்தைப் பிடித்துவைக்கின்றன என்பது பின்னால் தெரியவந்தது.

பூவைப் பற்றிய இந்தச் சொல் உணவுப் பேச்சுக்குள் வந்ததில் தாவர ஆய்வாளர் கேத்தி மார்ட்டினுக்குப் பெரிய பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1983இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட செடி, தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும் ஸ்நாப்டிராகன். அதன் பூவிதழில் எந்த மரபணு நிறத்தைத் தொடங்கிவைக்கிறது, எது நிறுத்துகிறது என்பதுதான் கேள்வி. சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். எனக்கு இவருடைய வாழ்க்கையில் பிடித்த பகுதியே அதுதான்.

தக்காளிச் செடிக்கும் இந்த நிறமியைச் செய்யத் தெரியும். ஆனால் சாதாரணத் தக்காளிப் பழத்தில் அந்த வேலை நடப்பதில்லை. ஸ்நாப்டிராகனின் டெலிலா, ரோசியா1 என்ற இரண்டு மரபணுக்களை, பழம் பழுக்கும்போது மட்டும் இயங்கும்படி தக்காளிக்குள் சேர்த்தார்கள் மார்ட்டினும் அவருடன் பணியாற்றிய யூஜெனியோ புடெல்லியும் மற்றவர்களும். தோல் மட்டுமல்ல, சதையும் அடர்ந்த ஊதாவாகப் பழுத்தது. 2008இல் வெளியான அந்த ஆய்வில், புற்றுநோய் எளிதில் வரும் வகை எலிகளுக்கு இந்தத் தக்காளிப் பொடியைத் தீனியில் கலந்து கொடுத்தார்கள். வழக்கமான தீனியில் சராசரியாக 142 நாள் வாழ்ந்தவை, இதில் 182 நாள் வாழ்ந்தன. சிவப்புத் தக்காளி கொடுத்தபோது சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதை வைத்து 'ஊதாப் பழம் புற்றுநோயைக் குணமாக்கும்' என்று பரப்புவது பெரும் தவறு. சோதனை எலியில், அதுவும் ஒரு தனி வகை எலியில் நடந்தது. நாம் சாப்பிடும் அந்தோசயனினில் உடல் அப்படியே உறிஞ்சுவதும் சிறு பங்குதான்.

ஊதாத் தக்காளிக்கு அமெரிக்க வேளாண் துறை 2022இல் அனுமதி கொடுத்தது. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதை விற்பனை அங்கே 2024இல் தொடங்கியது. இடையில், சிசிலியில் விளையும் இரத்த ஆரஞ்சு குளிர் பட்டால் மட்டும் ஏன் சிவக்கிறது என்பதற்கும் காரணமான 'ரூபி' மரபணுவை இதே குழு கண்டுபிடித்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ஊதா நிறமி' என்று எழுதுகிறார்கள். 'செந்நீல நிறமி' என்றால் சிவப்பும் நீலமும் அடங்கிவிடும் என்பதும் நல்ல வாதம். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினால் பீட்ரூட்டும் உள்ளே வந்துவிடும். பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, காகிதப்பூ இவற்றின் நிறம் பீட்டாலைன் என்ற வேறொரு நிறமி. அதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு, அந்தோசயனினில் கிடையாது. இரண்டும் ஒரே செடியில் இயற்கையாகச் சேர்ந்து இருந்ததாகக் காணப்பட்டதில்லை. பீட்ரூட்டை அந்தோசயனின் பட்டியலில் சேர்க்கும் கட்டுரைகள் ஏராளம். பெயரும் அதற்குத் துணைபோகக் கூடாது.

அதனால் 'பூநீலம்' என்பதே என் தேர்வு. மூலச்சொல்லின் இரண்டு பாதியும் இதில் இருக்கின்றன. தமிழில் நீலம் என்பது நிறத்துக்கும் பெயர், கருங்குவளைப் பூவுக்கும் பெயர், கருமையையும் சுட்டும். கவுனியும் நாவலும் கத்தரித் தோலும் அந்தக் கருமையோடு ஒட்டியவைதான். ரோஜா சிவப்பாயிற்றே என்றால், கிரேக்கப் பெயருக்கும் அதே கேள்வி உண்டு, அது 190 ஆண்டுகளாக நிலைத்துத்தான் இருக்கிறது. ஊதாத் தக்காளிக்கு நிறம் வந்ததே ஒரு பூவின் மரபணுக்களால் என்பதால் அங்கும் பெயர் பொருந்துகிறது.

வேதியியல் பாடத்தில் அந்தோசயனின் இருக்கட்டும். அங்கே சர்க்கரை ஒட்டியிருந்தால் அந்தோசயனின், சர்க்கரை நீங்கினால் அந்தோசயனிடின் என்று ஓரெழுத்தில் வேறுபடும் நுணுக்கங்கள் இருக்கின்றன. அரிசிப் பாக்கெட்டிலும் சமையல் குறிப்பிலும் 'பூநீல நிறமி' என்று எழுதினால் படிப்பவருக்குப் போதும்.