ஆறு சிலிண்டர் காருக்கு சைலன்சர் மாற்றப் போகிறீர்களா?

எங்கள் பட்டறைக்கு ஆறு சிலிண்டர் காரோடு வருபவர்களில் பலர் போனில் ஒரு வீடியோவையும் கொண்டுவருகிறார்கள். வெளிநாட்டுச் சுரங்கப்பாதை ஒன்றுக்குள் யாரோ ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், வண்டி உறுமுகிறது. "அண்ணா, இதே சத்தம் வேணும்" என்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதே வண்டியில் குடும்பத்தோடு கோவையிலிருந்து சென்னைக்குப் போவீர்களா? போவேன் என்றால் அந்த வீடியோவை மறந்துவிடுவது நல்லது. வண்டிக்கு வெளியே, சுவர்கள் எதிரொலிக்கும் இடத்தில், சில நொடிகள் பதிவான ஒலி அது. பின்சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்க எதைக் கேட்கப் போகிறீர்கள் என்று அது சொல்லவே சொல்லாது.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுவதற்குள் எல்லா சிலிண்டரும் ஒவ்வொரு முறை எரியும். ஆறு சிலிண்டர் என்றால் 120 டிகிரிக்கு ஒரு தடவை, அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று. இதிலிருந்து எளிய கணக்கு ஒன்று கிடைக்கிறது: ஆர்பிஎம்மை 20-ஆல் வகுத்தால் சைலன்சரில் வரும் அடிப்படை ஒலியின் ஹெர்ட்ஸ். 2,000 ஆர்பிஎம்மில் 100, 6,000-இல் 300. நாலு சிலிண்டருக்கு 30-ஆல் வகுக்க வேண்டும். ஒரே ஆர்பிஎம்மில் ஆறு சிலிண்டர் ஒன்றரை மடங்கு உயர்ந்த சுருதியில் பாடுவது அதனால்தான்.

ஆறும் ஒரே வரிசையில் நிற்கும் இன்லைன் சிக்ஸில், பிஎம்டபிள்யூ எஞ்சின்களைப் போல, 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரியும். முன் மூன்றை ஒரு குழாயிலும் பின் மூன்றை இன்னொன்றிலும் சேர்த்தால் இரண்டு குழாயிலும் சரியாக 240 டிகிரி இடைவெளியில் துடிப்பு வரும். அந்த வழவழப்பு பிறவியிலேயே வந்தது. மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் V வடிவில் நிற்கும் வி6 கொஞ்சம் சிக்கல். இரண்டு பக்கத்துக் குழாய்களும் வெவ்வேறு தூரம் ஓடி வந்து சேர்கின்றன. நீளம் பொருந்தாமலோ சேரும் இடம் சரியில்லாமலோ போனால் துடிப்புகள் முன்பின்னாக வந்து, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு கரகரப்பு கிளம்பும். நிசான் 350இசட்-இன் எஞ்சின் இதற்குப் பேர்போனது. அதற்கென்றே தனியாக இணைப்புக் குழாய்களும் ரெசனேட்டர்களும் (இரைச்சலைக் குறைக்க நடுக்குழாயில் வைக்கும் டப்பாக்கள்) விற்கிறார்கள்.

ஆக, நல்ல ஒலி எஞ்சினிலேயே இருக்கிறது. கரகரப்பையும் ட்ரோன் எனும் ரீங்காரத்தையும் சேர்க்காமல் அதை வெளியே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கரகரப்பு பெரும்பாலும் நடு ரெசனேட்டரைக் கழற்றியதால் வருவது. "நடுவுல இருக்கிற டப்பாவ எடுத்துருங்க, செலவு கம்மி" என்று சொல்லும் கடைகள் நிறைய. அந்த டப்பாதான் உயர் ஸ்தாயி இரைச்சலைத் தின்கிறது. நான் எப்போதும் அதை விட்டுவைத்து, பின்னால் கடைசியில் இருக்கும் பெரிய டப்பாவான மஃப்ளரை மட்டும் முதலில் மாற்றிப் பார்க்கச் சொல்வேன். பத்தில் ஏழெட்டுப் பேர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

ட்ரோன்தான் பெரிய தொல்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதை அடைக்கும் அந்த ரீங்காரம். டாப் கியரில் பெரும்பாலான ஆறு சிலிண்டர் கார்கள் 1,500-லிருந்து 2,000-க்குள் ஓடும். நம் கணக்குப்படி அது 75-லிருந்து 100 ஹெர்ட்ஸ். கேபினுக்குள் அடைபட்ட காற்று எளிதில் அதிரக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுவே. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் தலைவலி உறுதி. மஃப்ளருக்குள் கூடுதல் பஞ்சு அடைத்து இதைத் தீர்க்க முடியாது, தாழ்ந்த ஒலியைப் பஞ்சு அதிகம் உறிஞ்சாது. சரியான வழி, முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை மெயின் பைப்பில் வெல்ட் செய்வது. ஒலி அதற்குள் போய், மோதித் திரும்பி, எதிர்க் கட்டத்தில் வந்து சேர்ந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு. 300 டிகிரி சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 480 மீட்டர் ஓடும் என்று வைத்தால், 100 ஹெர்ட்ஸுக்கு 1.2 மீட்டர். நாலடிக் குழாய்க்குக் காருக்கு அடியில் இடம் தேடுவது தனி வித்தை, அதை வளைத்து மடித்துத்தான் பொருத்த வேண்டும். உங்கள் கடைக்காரர் எந்த ஆர்பிஎம்மில் ட்ரோன் வருகிறது என்று கேட்காமலே குழாயை வெட்ட ஆரம்பித்தால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டர்போ வண்டிகள் வேறு கதை. சென்னையை அடுத்த பிஎம்டபிள்யூ ஆலையில் 2021 முதல் பொருத்தப்படும் எம்340ஐ-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 2,998 சிசி டர்போ ஆறு சிலிண்டர் எஞ்சின். புகையால் சுழலும் டர்போவின் டர்பைன் துடிப்பின் வேகத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால் மஃப்ளர் மாற்றினாலும் எதிர்பார்த்த அளவு வித்தியாசம் தெரியாது. உடனே அடுத்த யோசனை, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) இல்லாத டவுன்பைப், அதாவது டர்போவிலிருந்து கீழே இறங்கும் குழாய். இதை எங்கள் பட்டறையில் செய்வதில்லை. புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் எகிறும், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடோடு செக் எஞ்சின் விளக்கு எரியும். சிக்னலில் நிற்கும்போது எரியாத பெட்ரோல் வாடை ஏசி வழியாகப் பிள்ளைகள் மூக்குக்குப் போகும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் கேபினுக்குள் கேட்கும் எஞ்சின் ஒலியில் ஒரு பங்கு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. சைலன்சருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். உண்மையான ஒலியே போதும் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. வியாபாரம் போனது எனக்கு, பரவாயில்லை.

பொருளைப் பொறுத்தவரை 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 409 ரகம் விலை குறைவு, சீக்கிரம் மேல்துரு பிடிக்கும். டைட்டானியம் எடை குறைவு, ஆனால் ஒலி கொஞ்சம் மெல்லிசாகக் கணகணக்கும், எனக்கு ஆறு சிலிண்டரில் அது பிடிக்காது. வளைவுகளில் குழாய் நசுங்காமல், உள்ளே தாங்கு அச்சு வைத்து வளைக்கும் மாண்ட்ரல் பெண்டிங் செய்ததா என்று தடவிப் பாருங்கள். அப்புறம், பஞ்சு அடைத்த நேர்க்குழாய் மஃப்ளர் புதிதில் கேட்பது போலவே எப்போதும் கேட்காது. பஞ்சு எரிந்து பறக்கப் பறக்கச் சத்தம் கூடும். கடையில் கேட்டுப் பிடித்ததைவிட ஒரு படி அமைதியானதை எடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். "நம்ம ஏரியால யாரும் பிடிக்க மாட்டாங்க" என்று கடைக்காரர் சொல்வதை எழுதி வாங்க முடியாது. வாரண்டி, இன்ஷூரன்ஸ் தகராறு வந்தாலும் அவர் வந்து நிற்கப் போவதில்லை.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைக் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். ஹேங்கர், கிளாம்ப், சைலன்சருக்குள் இருக்கும் மடலைத் திறந்து மூடும் ஃபிளாப் மோட்டார் எல்லாவற்றையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போய் மேலே பரணில் போட்டுவிடுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.