சுழிக்காற்றை யார் சுழற்றுவது?

ஆவணி வெயிலில் கிளிநொச்சிப் பக்கத்துக் கிறவல் வீதிகளில் சிவப்புத் தூசி திடீரென்று கிளம்பும். சருகு, சொப்பிங் பாக் எல்லாவற்றையும் தென்னை உயரத்துக்குத் தூக்கிச் சுற்றிவிட்டு ஓரிரு நிமிடத்தில் அடங்கும். பேய்க்காற்று என்று சொல்லும் ஆச்சிமார் குறைந்துவிட்டார்கள். தேத்தண்ணிக் கடையில் இப்போது கிடைக்கும் விளக்கம் விஞ்ஞானம் மாதிரியே இருக்கிறது: "பூமி சுத்துதெல்லோ, அதாலைதான் காத்தும் சுத்துது."

2020 டிசம்பரில் வன்னியைக் கடந்துபோன புரேவி போன்ற புயலுக்கு இது சரி. அது பெரிது, நாட்கணக்கில் உயிரோடிருப்பது. அதனால்தான் வட அரைக்கோளத்துப் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகவே சுற்றுகின்றன. ஆனால் வன்னி கிடக்கும் 9 பாகை அகலக்கோட்டில், பூமியின் சுழற்சி காற்றை நன்றாகத் திருப்ப அரை நாளளவு வேண்டும். இரண்டு நிமிடச் சுழி அதற்கு எங்கே போகும்? பூமிதான் காரணமென்றால் எல்லாச் சுழியும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும். எண்ணிப் பார்த்தவர்கள் வலமும் இடமும் ஏறக்குறையச் சரிபாதி என்று கண்டார்கள். கடையில் குந்தியிருந்தே நீங்களும் எண்ணலாம்.

உண்மையில், கொதிக்கும் தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது எழும்புகிறது. பக்கத்துக் காற்று அந்த இடத்துக்கு ஓடிவருகிறது. வேலியிலும் பற்றையிலும் அடிபட்ட சோளகக் காற்றில் சிறு சுழற்சி ஏற்கெனவே இருக்கும். கைவிரித்துச் சுற்றும் பிள்ளை கையை மடக்கியதும் வேகமெடுப்பதுபோல், உள்ளே ஒடுங்கும் காற்றும் வேகமெடுக்கிறது.

அமெரிக்கச் சமவெளியின் டொர்னாடோ வேறு சாதி. பெரும்பாலும் அது சுழலும் இடிமுகிலோடு பிறப்பது. மேலே ஒரு வேகம், கீழே ஒரு வேகம் என்று வீசும் காற்று படுத்தபடி உருள, முகிலுக்குள் ஏறும் காற்று அதை நிமிர்த்திவிடுகிறது. 'மின்னல்தான் சுழற்றுகிறது' என்பவர்கள் இன்றும் உண்டு. அதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ள முடியாது; பெர்னாட் வொனகட் என்ற தேர்ந்த வளிமண்டல விஞ்ஞானியே 1960இல் அப்படி எழுதினார். ஆனால் மின்சாரமே சேர்க்காத கணினிக் கணிப்பிலும் முகில் சுழன்றது. 'சூடும் குளிரும் மோதினால் டொர்னாடோ' என்பதும் பாதிதான் தேறியது: மழையோடு இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால், சுழி உருவாகாமலே போய்விடுகிறது. சுழலும் முகில்களில் பெரும்பாலானவை டொர்னாடோ எதையும் இறக்குவதில்லை. எது இறக்கும் என்று அறிய, 2009, 2010இல் ரேடார் வண்டிகளோடு ஓர் ஆய்வாளர் படையே முகில்களைத் துரத்தியது. விடை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

சரி, நம் பத்திரிகைகளின் 'மினி சூறாவளி'? கூரை பறந்தால் போதும், அந்தப் பெயர் விழுந்துவிடும். முகிலிலிருந்து கொட்டி, தரையில் பட்டுப் பரவும் நேர்க்காற்றும் கூரையைப் பறக்கவிடும். 1974இல் டொர்னாடோ ஆய்வாளர் ஃபுஜிட்டா, விழுந்து கிடந்த மரங்களை விமானத்திலிருந்து பார்த்துத்தான் அந்தக் காற்றை இனங்கண்டார். வாழைகள் ஒரே பக்கமாகவோ வெளிநோக்கி விரிந்தோ சாய்ந்திருந்தால் நேர்க்காற்று. ஒடுங்கிய தடமொன்றில் நடுவை நோக்கிக் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழல். வெட்டி அப்புறப்படுத்த முன்னம் போனில் நாலு படம் எடுத்து வையுங்கள்.